கடல்ல படிக்க என்ன இருக்கு? - ஒரு வங்கிக்காரனின் தப்புக் கணக்கு

போன ஞாயிற்றுக்கிழமை செம்பூர் முருகன் கோவிலில் தரிசனம் முடிந்து பிரகாரத்தில் உட்கார்ந்திருந்தோம். நம்ம ஊர் அண்ணாச்சி ஒருத்தர் வந்தார். பம்பாய்க்கு வந்து நாப்பது வருஷம் ஆச்சு, இன்னும் தூத்துக்குடி பேச்சு மாறாத மனுசன். குசலம் விசாரித்துவிட்டு நேரே விஷயத்துக்கு வந்தார்.

"பிள்ளை இஞ்சினீரு முடிச்சிட்டாளாமே, எங்கன வேலை?"

"வேலை கிடைச்சிருக்கு அண்ணாச்சி. ஆனா அவ எம்.டெக். படிக்கணும்கா. சென்னை ஐஐடியில சீட்டு வந்திருக்கு."

முகம் மலர்ந்துவிட்டது. "ஐஐடியா! கம்ப்யூட்டரா?"

"இல்ல. ஓஷன் இன்ஜினியரிங். கடல் பொறியியல்."

மலர்ந்த முகம் அப்படியே வாடியது. "கடலா? கப்பல்லயா வேலை? பொம்பளப் பிள்ளையவா தம்பி கப்பல்ல அனுப்பப் போறீரு? கடல்ல படிக்க என்னவே இருக்கு?"

அதற்குள் நாலு பேர் கூடிவிட்டார்கள். ஐந்தே நிமிடத்தில் தீர்ப்பும் வந்துவிட்டது. ஒன்று, வேலை கிடைக்காது. இரண்டு, பெண்ணுக்கு ஒத்து வராது. மூன்று, இரண்டு வருஷச் சம்பளம் வீண். நான்கு, கடைசியில் எப்படியும் பொட்டி தட்டத்தான் போகணும், அதை இப்பவே செய்தால் என்ன?

நான் ஒன்றும் சொல்லாமல் பிரசாதத்தைச் சாப்பிட்டுக் கொண்டிருந்தேன். பதில் தெரியாமல் இல்லை. இந்த நாலையும் பல வருஷத்துக்கு முன்னால் இதே வாயால் இன்னொரு பிள்ளையிடம் சொன்னவன் நான். அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள், திட்டுவதாக இருந்தால் கடைசியில் திட்டுங்கள் :-)

ஒரு வெள்ளைத்தாள் கணக்கு

2011. என் அக்கா மகன் திருநெல்வேலியில் சிவில் முடித்து, கேட் எழுதி, கரக்பூர் ஐஐடியில் இதே துறையில் எம்.டெக். சீட்டு வாங்கினான். கையில் ஒரு ஐ.டி. கம்பெனி ஆஃபரும் இருந்தது, வருஷத்துக்கு மூணேகால் லட்சம். அக்கா எனக்கு போன் போட்டாள். "நீ பேங்க்ல இருக்க, கணக்கு தெரிஞ்சவன், நீயே சொல்லு."

நான் பி.காம். கணக்கு தெரிந்தவன் என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், தலைகால் புரியாது. வெள்ளைத்தாளை எடுத்துக் கோடு போட்டேன். இரண்டு வருஷச் சம்பளம் ஆறரை லட்சம் நஷ்டம். அதற்கு வட்டி. இரண்டு இன்கிரிமென்ட் நஷ்டம். எதிர்ப்பக்கம் உதவித்தொகை, பிறகு "கிடைத்தால்" ஒரு கோர் கம்பெனி வேலை. கூட்டிக் கழித்து, "மருமவனே, இது நஷ்டக் கணக்குடே. ஐ.டி.க்குப் போ" என்றேன்.

போனான். பெங்களூரில் இருக்கிறான், சொந்த ஃபிளாட், கார், கல்யாணம், ஒரு பையன். சோத்துக்கு ஒரு குறையும் இல்லை. அவன் வாழ்க்கை நாசமாகிவிட்டது என்று கதை விட நான் வரவில்லை. அப்படி ஆகவும் இல்லை.

ஆனால் அந்தத் தாளில் நான் போட்டது கணக்கே இல்லை. எங்கள் பாஷையில் சொன்னால், ஒரு பக்கத்தை மட்டும் எழுதிவிட்டு பேலன்ஸ் ஷீட் என்று கையெழுத்துப் போட்டேன். நாலு வருஷம் டியூஷன் மாஸ்டர் மாதிரி பின்னாலேயே நின்று யாரும் சொல்லாமல், அவனாகவே ஆசைப்பட்டு எழுதின பரீட்சை அது. அதற்கு அந்தத் தாளில் ஒரு வரி கூட நான் ஒதுக்கவில்லை.

மூணேகால் லட்சமாவது பெரிய விஷயமா? இன்றைக்கும் பெரிய சர்வீஸ் கம்பெனிகள் புதுசாகச் சேரும் பையனுக்குக் கொடுப்பது மூன்றரை, நாலு லட்சத்தைச் சுற்றித்தான். இத்தனை வருஷ விலைவாசியைக் கழித்துப் பாருங்கள், சம்பளம் இறங்கியிருக்கிறது! 'கவர்மென்ட் வேலை மாதிரி' என்று நாம் சொல்லிக்கொண்டிருந்த நாட்டின் மிகப் பெரிய ஐ.டி. கம்பெனி, 2025 ஜூலையில் சுமார் பன்னிரண்டாயிரம் பேரைக் குறைக்கப் போவதாக அறிவித்தது. எந்த அபாயமும் இல்லாதது என்று நான் தாளில் எழுதிய பக்கமும் அபாயமாகத்தான் இருந்திருக்கிறது.

சரி, அப்படி என்னதான் படிக்கிறார்கள்?

எனக்கும் தெரியாது. மகளைத்தான் கேட்டேன். பி.காம். அப்பாவுக்குப் புரிகிற மாதிரி அவள் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

அலையின் உயரம் இரண்டு மடங்கானால் அதன் சக்தி இரண்டு மடங்காகாது, நான்கு மடங்காகும். இரண்டு மீட்டர் அலைக்குத் தாங்கின சுவர், நாலு மீட்டர் அலை வந்தால் ஏன் தாங்காது என்பது இதிலேயே புரிந்துவிடும்.

அடுத்தது, எண்ணிக்கை. சராசரியாக எட்டு விநாடிக்கு ஒரு அலை என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 10,800 அலை. வருஷத்துக்கு முப்பத்தொன்பது லட்சத்துக்கு மேல். நடுக்கடலில் நிற்கும் ஒரு எண்ணெய் மேடையின் இரும்புக் காலில் இருபத்தைந்து வருஷத்தில் கிட்டத்தட்ட பத்துக் கோடி தடவை அடி விழும். ஒரே அடியில் எதுவும் உடையாது. ஒவ்வொரு அலையும் இரும்பிடமிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தவணை வசூல் செய்துகொண்டே இருக்கும். ஒருநாள் பற்ற வைத்த இடத்தில் விரிசல். அது எந்த இடத்தில், எந்த வருஷத்தில் என்று முன்கூட்டியே கணக்குப் போடுவதுதான் படிப்பு. "நாளைக்கு 10,800 இ.எம்.ஐ. கட்டுற கடன்காரன் மாதிரிப்பா" என்றாள். எனக்கு நன்றாகப் புரிந்துவிட்டது!

மூன்றாவது, மாதிரி வைத்துச் சோதிப்பது. துறைமுகத்தைக் கட்டிவிட்டு அலை வருகிறதா என்று பார்க்க முடியாது. 36ல் ஒரு பங்கு அளவில் மாதிரி செய்து, தொட்டியில் செயற்கை அலை விட்டுப் பார்க்கிறார்கள். நீளம் 36 மடங்கு சின்னது என்றால் நேரம் 6 மடங்குதான் சுருங்கும். விசையோ 36ஐ மூன்று தடவை பெருக்கின அளவு, அதாவது 46,656 மடங்கு சுருங்கும். தொட்டியில் ஒரு கிலோ அடி என்றால் நிஜக் கடலில் 46 டன்னுக்கு மேல். இந்தக் கணக்கில் ஒரு சின்னப் பிசகு என்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இதோடு மணல் எங்கிருந்து எங்கே நகர்கிறது, நங்கூரச் சங்கிலி எவ்வளவு தாங்கும், கடலடியில் குழாய் எப்படிப் பதிப்பது, கப்பல் எந்த அளவு சாய்ந்தால் மீண்டும் நிமிரும் என்று போகிறது. கடல்ல படிக்க என்னவே இருக்கு என்று கேட்ட அண்ணாச்சிக்கு முதல் பதில் இதுதான். இரண்டு வருஷம் பத்தாது!

படிக்காததற்கு யார் விலை கொடுக்கிறார்கள்?

நம்ம கிழக்குக் கரையில், வருஷம் முழுக்கக் கூட்டிக் கழித்துப் பார்த்தால், அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகின்றன. குறுக்கே ஒரு கல்சுவர் போட்டால் தெற்கே மணல் சேரும், வடக்கே கரை கரையும். இது ஒன்றும் ரகசியம் இல்லை. சென்னைத் துறைமுகம் வந்தபின்தான் தெற்கே மெரினா இவ்வளவு அகலமானது. நாமெல்லாம் போய்ச் சுண்டல் தின்றோம். வடக்கே ராயபுரம், காசிமேடு பக்கம் கடல் வீட்டைத் தின்றது. மெரினாவைப் பாடாத ஆள் இல்லை. அந்தப் பக்கம் போன வீடுகளைப் பற்றிப் பேசின ஆள் எத்தனை?

புதுச்சேரியிலும் அதே கதை. 1980களின் கடைசியில் துறைமுகச் சுவர் வந்தது, சில வருஷங்களில் நகரத்துக் கடற்கரை மணல் போயே போனது. கல்லைக் கொட்டினார்கள். கல் கொட்டின இடம் நின்றது, அரிப்பு அதற்கு வடக்கே இருந்த மீனவக் கிராமங்களுக்கு இடம் மாறியது. எங்கள் வங்கியில் பழைய கடனை மூடப் புதுக் கடன் கொடுப்போமே, அந்த மாதிரி. அங்கே 2018ல் சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் கடலுக்குள் ஆப்பு வடிவத்தில் ஓர் இரும்புத் திட்டை இறக்கி வைத்தது. காந்தி சிலைப் பக்கம் மணல் திரும்ப வந்தது. கல் கொட்டுகிறவனுக்கும் கடல் படித்தவனுக்கும் உள்ள வித்தியாசம் அந்தக் கடற்கரையில் கண்ணால் பார்க்கிற மாதிரி இருக்கிறது.

கேரளத்தில் முதலப்பொழி என்று ஒரு துறைமுகம். அதன் வாய்ப்பகுதியில் மணல் சேர்ந்து, அலை உடைந்து, படகு கவிழ்ந்து, வருஷா வருஷம் மீனவர்கள் செத்திருக்கிறார்கள். பாதுகாப்புக்காகக் கட்டின இடத்தில்!

பம்பாய்க்காரர்களுக்கு இன்னொன்று ஞாபகம் இருக்கும். 2021 மே மாதம், டவ்தே புயல். பாம்பே ஹை எண்ணெய் வயல் பக்கம் பி-305 என்ற தங்கும் படகில் 261 பேர் இருந்தார்கள். வெல்டர், பெயின்டர், சமையல்காரர் என்று சாதாரண ஜனம். நங்கூரங்கள் போயின. படகு மிதந்து போய் ஒரு மேடையில் மோதி மூழ்கியது. அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். புயல் எச்சரிக்கை முன்கூட்டியே வந்திருந்தது. யார் மேல் தப்பு என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. எவ்வளவு அலைக்கு எந்த நங்கூரம் தாங்கும், எப்போது இடத்தைக் காலி பண்ண வேண்டும் என்பதுதான் மகள் படிக்கப் போகிற பாடம் என்று மட்டும் சொல்கிறேன். அந்த வாரம் அரபிக் கடல் இரைச்சலைக் கேட்டுக்கொண்டு ஜன்னலைச் சாத்தினவர்கள் நாம்.

இஞ்சினீயர் இல்லாததால்தான் எல்லாம் நடந்தது என்று ஜல்லியடிக்க மாட்டேன். அறிக்கை இருந்தும் படிக்காத அதிகாரி உண்டு, காண்டிராக்டருக்குக் கல் கொட்டுவதே வசதி என்பதும் உண்டு. ஆனால் மறுத்துப் பேச விஷயம் தெரிந்த ஆள் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தால்தானே மறுக்க முடியும்?

என் அனுபவமே சொல்கிறேன். பெயர் எதுவும் வேண்டாம். மேற்குக் கரையில் எங்கோ ஒரு சின்ன ஜெட்டித் திட்டம். வங்கிக் கடன். கோப்பு என் மேஜை வழியாகத்தான் போனது. திட்ட அறிக்கையில் வருமானம், கிராஃபு, கலர் படம் எல்லாம் பிரமாதம். மணல் தூர்வதைப் பற்றி ஒரே ஒரு பத்தி. அதுவும் வேறு ஊர் அறிக்கையிலிருந்து வெட்டி ஒட்டியது என்று பிறகுதான் தெரிந்தது. முதல் மழைக்காலத்திலேயே வாய் தூர்ந்தது. தூர் வாரும் செலவு வருமானத்தைத் தின்றது. கடன் வாராக்கடன் ஆனது. அன்றைக்கு நாங்கள் ஆறு பேர் அந்தக் கோப்பில் கையெழுத்துப் போட்டோம். ஆறு பேருக்கும் வட்டி விகிதம் தெரியும். மணல் எந்தப் பக்கம் நகரும் என்று கேட்கத் தெரிந்தவன் ஒருத்தன் கூட இல்லை. போனது பொதுமக்கள் பணம்.

இத்தனைக்கும் இருபது வருஷமாக நான் பார்க்கிற வேலையில் பாதி கடல்தான். எல்.சி., பில் ஆஃப் லேடிங், கப்பலில் ஏற்றிய தேதி என்று ஆணி பிடுங்குகிற பிழைப்பு. இந்தியாவின் வெளிநாட்டுச் சரக்கு வர்த்தகத்தில் எடைக் கணக்கில் சுமார் 95 சதவீதம் கடல் வழியாகத்தான் போகிறது என்று அரசாங்கமே சொல்கிறது. உலகக் கப்பல் கட்டும் தொழிலில் நம் பங்கோ ஒரு சதவீதத்துக்கும் கீழே. சரக்கு நம்முடையது, கப்பல் அடுத்தவனுடையது.

அண்ணாச்சிமாரின் நாலு தீர்ப்புகளும் என் அப்பீலும்

ஒன்று, வேலை கிடைக்காது. எங்கே தேடினீர்கள்? இந்தப் பம்பாயிலேயே மசகான் டாக் இருக்கிறது. பவாயில் இந்தியன் ரிஜிஸ்டர் ஆஃப் ஷிப்பிங் இருக்கிறது. ஓ.என்.ஜி.சி. இருக்கிறது. கொச்சி கப்பல் கட்டும் தளம், கடற்படையின் வடிவமைப்புப் பிரிவு, துறைமுகங்கள், ஆலோசனை நிறுவனங்கள், 2004 சுனாமிக்குப் பிறகு 2007ல் எச்சரிக்கை மையம் அமைந்த ஹைதராபாத் இன்காய்ஸ் என்று பட்டியல் போகிறது. 2021ல் மத்திய அரசு ஆழ்கடல் திட்டத்துக்கு 4,077 கோடி ஒதுக்கியது. மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோகும் மத்ஸ்யா வாகனத்தைப் பள்ளிக்கரணைக்காரர்கள்தான் செய்கிறார்கள். 2024ல் வாதவன் துறைமுகத்துக்கு 76,220 கோடி. 2025 செப்டம்பரில் கப்பல் கட்டும் தொழிலுக்கு 69,725 கோடித் திட்டம்.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், போன தடவை மாதிரி ஒரு பக்கக் கணக்கு வேண்டாம். ஆரம்பச் சம்பளம் பெரிய சாஃப்ட்வேர் கம்பெனி அளவுக்கு இருக்காது. ஆராய்ச்சிக் கழகங்களில் நிறைய இடங்கள் ஒப்பந்த வேலைதான். வேலை காக்கிநாடாவிலோ ஹசீராவிலோ இருக்கும், ஓ.எம்.ஆர். ரோட்டில் இருக்காது. கடல் காற்றாலைக்கு 2024ல் 7,453 கோடி அறிவித்தார்கள், குஜராத்துக்கு 500 மெகாவாட், தமிழ்நாட்டுக்கு 500 மெகாவாட். ஆனால் டெண்டர்கள் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தன. அறிவிப்பை நம்பி சம்பளக் கணக்குப் போடக்கூடாது என்று ஒரு வங்கிக்காரனுக்குத் தெரியாதா? வாதவனிலும் அங்குள்ள மீனவர்கள் எதிர்க்கிறார்கள், அவர்கள் கேட்கிற கேள்விக்கும் கடல் படித்தவன்தான் நேர்மையாகப் பதில் சொல்லவேண்டும். இவ்வளவையும் தெரிந்துகொண்டு பிள்ளை போகிறேன் என்றால் போகட்டும். தெரியாமலே நாம் 'வேலை இல்லை' என்பது அறியாமை, அனுபவம் இல்லை.

இரண்டு, பொம்பளப் பிள்ளை. படிப்பில் முக்கால்வாசி ஆய்வகமும் கம்ப்யூட்டரும்தான். தளத்துக்கும் போக வேண்டிவரும், போவாள். 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து கிளம்பி, தாரிணி என்ற பாய்மரப் படகில் எட்டு மாசம் கடலில் உலகத்தைச் சுற்றிவிட்டு 2025 மே மாதம் திரும்பிய இரண்டு கடற்படை அதிகாரிகளும் பெண்கள். அதில் ஒருவர் ரூபா அழகிரிசாமி, நம்ம புதுச்சேரிக்காரர். நம் பிள்ளைகள் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து கேப் வண்டியில் வரலாம், பகலில் துறைமுகத்தில் நின்று அளவெடுக்கக் கூடாதா? இது என்ன நியாயம்?

மூன்று, இரண்டு வருஷம் வீண். கேட் எழுதிப் போகிற எம்.டெக். மாணவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. பம்பாயில் பிள்ளையின் கல்யாணத்துக்கு ஹால் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் ஒரே நாளில் கரைக்கிற காசில் இந்த இரண்டு வருஷத்தை ஓட்டிவிடலாம். அந்த ஒரு நாளை 'வீண்' என்று யாரும் சொல்வதில்லை.

நான்கு, கடைசியில் பொட்டி தட்டத்தானே. இதில் பாதி உண்மை. ஐஐடிக்குள்ளேயே இந்தத் துறையில் சேர்ந்துவிட்டு, முடித்ததும் சாஃப்ட்வேருக்கோ எங்கள் மாதிரி நிதித்துறைக்கோ ஓடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். ஏன் ஓடுகிறார்கள்? வீட்டில் நாம் துரத்துவதால்! ஊரில் யாரும் மதிக்காத படிப்பில் நிற்க எந்தப் பிள்ளைக்குத் தெம்பு வரும்? நாமே விரட்டிவிட்டு, 'பாத்தியா, ஓடிட்டான்' என்று சொல்கிறோம்.

பெற்றோருக்கு ஒரு எச்சரிக்கை

கடல் என்று போட்டிருப்பதெல்லாம் ஒரே படிப்பு இல்லை. கல்விக்கடன் மேஜையில் நான் நொந்துபோன விஷயம் இது. நாட்டிக்கல் சயின்ஸ் கப்பலைச் செலுத்துகிறவர் படிப்பது. மரைன் இன்ஜினியரிங் கப்பலின் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிறவருக்கு. நேவல் ஆர்க்கிடெக்சர் கப்பலை வடிவமைக்கிறவருக்கு. ஓஷன் இன்ஜினியரிங் கடலில் நிற்கிற, மிதக்கிற, கிடக்கிற எல்லாக் கட்டுமானத்துக்கும். முதல் இரண்டில் சேர்ந்து கப்பல் ஏற வேண்டுமானால் டி.ஜி. ஷிப்பிங் அனுமதி பெற்ற இடமாக இருக்கவேண்டும். அனுமதி இல்லாத இடத்தில் ஏஜென்ட் பேச்சைக் கேட்டு லட்சக்கணக்கில் கட்டிவிட்டு, நிலத்தை விற்றுக் கடனை அடைத்த ஒரு அப்பாவை எனக்குத் தெரியும். கட்டுகிற முன் பத்து நிமிஷம் சரிபாருங்கள்.

மேல்படிப்பாக ஓஷன் இன்ஜினியரிங் என்றால் கேட் வழியாகப் போங்கள். சிவில், மெக்கானிக்கல் முடித்தவர்களும் சேரலாம். கப்பல் துறைப் பிள்ளைகளுக்காக 2022லிருந்து கேட்டில் தனித்தாளே வந்துவிட்டது. சென்னை ஐஐடி, கரக்பூர் ஐஐடி, சூரத்கல் என்.ஐ.டி. மூன்றும் கடலைப் பல வருஷமாகப் படிப்பிக்கிற இடங்கள்.

கடாரம் கொண்டவர்களும் கரையில் நிற்பவர்களும்

நம்ம வாட்ஸ்அப் குரூப்பில் மாசம் ஒரு தடவை ராஜேந்திர சோழன் வந்துவிடுவார். 1025ல் கடாரத்துக்குக் கப்பல் படை அனுப்பினவர், ஆயிரம் வருஷம் ஆச்சு என்று நெஞ்சு நிமிர்கிறோம். 1906ல் தூத்துக்குடியில் ஒரு வக்கீல், வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனிக்கு எதிராகச் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். அந்த வ.உ.சி.க்கு அன்றைக்கும் கணக்குத் தெரிந்த ஒரு மாமா 'இது நஷ்டக் கணக்குடே' என்று சொல்லியிருப்பார். கம்பெனி நொடித்துத்தான் போனது, அவர் ஜெயிலுக்குப் போனார். ஆனாலும் துறைமுகத்துக்கு யார் பெயர் இருக்கிறது? அந்த மாமா பெயரா?

பழைய கப்பலுக்குப் பெருமைப்படுகிற நாம், பிள்ளை கடல் படிக்கிறேன் என்றால் முகம் சுளிக்கிறோம். தினமும் வாஷி பாலத்து மேல் ரயிலில் போகும்போது பாதிப் பேர் கடல் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஏழாயிரத்து ஐநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் கடற்கரை என்று பள்ளியில் படித்தோம். புதிய அளவீட்டில் அது 11,098 கிலோமீட்டர். அவ்வளவு நீளக் கரையில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற ஜனம் நாம்.

கடைசியாக

அக்கா மகன் போன வருஷம் குடும்பத்தோடு ராமேஸ்வரம் போனான். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாம்பன் பாலத்தைப் பையனுக்குக் காட்டினானாம். 72 மீட்டர் நீளத்துக்கு ஒரு துண்டு அப்படியே மேலே எழும்புகிறதே, அதை. அக்கா போனில் சொன்னாள். "அரை மணி நேரம்டா. உப்புக்காத்துல இரும்பு என்ன ஆவும், தூண் எப்படிக் கடல்ல நிக்கும்னு அந்தச் சின்னப் பயலுக்குப் பாடம் எடுக்கான். அவன் மூஞ்சியில அப்படி ஒரு வெளிச்சத்த கல்யாணத்தன்னைக்குக் கூட நான் பாக்கல."

அதற்கு நான் என்ன சொல்ல? "டவர் இல்லக்கா, அப்புறம் கூப்பிடுதேன்" என்று வைத்துவிட்டேன்.

மகளுக்கு ஆஃபர் இரண்டும் வந்த அன்று, பழக்கதோஷம், வெள்ளைத்தாளை எடுத்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து அவனே போன் பண்ணினான். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தான். "மாமா, ஒண்ணே ஒண்ணு. அவ கணக்க நீங்க போடாதீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு உறைத்தது.

தாளை மடித்து வைத்துவிட்டு மகளிடம் சீட்டை ஒப்புக்கொள்ளச் சொன்னேன். முன்பணம் கட்டியாகிவிட்டது. வீட்டம்மாவுக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை, "ஐ.டி. காரனும் மாப்பிள்ளையா வரமாட்டான், கப்பக்காரனும் வரமாட்டான்" என்று சமையலறையிலிருந்து சத்தம் வந்துகொண்டுதான் இருக்கிறது. வரட்டும், பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை நமக்குப் பெயர் தெரியாத படிப்பு ஒன்றைச் சொல்லிக்கொண்டு வந்து நிற்கலாம். கடலோ, மண்ணோ, வேறு எதுவோ. வேலை கிடைக்குமா என்று கேளுங்கள், தப்பில்லை. அதற்கு முன்னால், 'அதில் என்னம்மா படிப்பீங்க, எனக்கும் சொல்லு' என்று உட்கார்ந்து ஒரு மணி நேரம் கேளுங்கள். 2011ல் நான் கேட்காமல் விட்டது அந்த ஒரு மணி நேரம்தான்.

பி.கு.: அண்ணாச்சி இதைப் படித்தால் கோபப்பட வேண்டாம். அடுத்த ஞாயிறு பிரகாரத்தில் நானே வந்து உட்காருகிறேன். நீங்கள் சொன்ன நாலும் என்னிடமிருந்து சுட்டதுதான் :-)